பதிலிப் பணியும் உரிமைப் பணியும்: போர்க்காலத் தொழிற்சாலைப் பெண்டிரும் ஓசூர் வட்டாரமும்

தோற்றுவாய்

பெண்டிர் உழைப்பு தமிழ்நாட்டிற்குப் புதியதன்று. நாற்று நடுதல், களை பறித்தல், நூல் நூற்றல், மோர் விற்றல், உப்பு விற்றல் ஆகிய தொழில்கள் தொன்றுதொட்டு அவர்கள் கையில் இருந்து வந்தவை. சங்கச் செய்யுட்களே இதற்குச் சான்று பகரும். ஆயினும் வயலிலும் மனையிலும் செய்யும் உழைப்பு வேறு. தொழிற்சாலையில் செய்யும் உழைப்பு வேறு. முன்னதன் நேரத்தை ஞாயிறும் மழையும் வகுக்கும்; பின்னதன் நேரத்தை ஆலைச் சங்கு வகுக்கும். முன்னதற்குரிய ஊதியம் கூலிநெல்லாக வருதலும் உண்டு; வாராது ஒழிதலும் உண்டு. பின்னதில் தொழிலாளியின் பெயர் ஏட்டில் ஏறுகின்றது, நாட்கள் எண்ணப்படுகின்றன, ஊதியம் பணமாக அவள் கையில் சேர்கின்றது. ஒரு பெண்ணின் உழைப்பைக் குடும்பத்திற்குப் புறத்தே உள்ளோர் கணக்கிட்டு மதித்தல் இவ்வாறே தொடங்குகின்றது.

இருபதாம் நூற்றாண்டில் பெண்டிரைப் பெருந்தொகையாகத் தொழிற்சாலைக்குள் அழைத்தவை இரண்டு உலகப் போர்கள் என்பது வரலாற்றாசிரியர் பலரும் உடன்பட்ட செய்தி. அவ்வழைப்பு அவர்களுக்கு நிலையான உரிமை தந்ததா, அன்றித் தற்காலிக இடம் மட்டும் தந்ததா என்பது ஆராயத்தக்கது. போர் எதுவுமின்றியே பல்லாயிரம் பெண்டிர் தொழிற்சாலை புகுந்துள்ள ஓசூர், கிருட்டிணகிரி வட்டாரத்தின் நிலையை அறியவும் இவ்வாராய்ச்சி துணை செய்யும். ஆகலின் முதற்கண் போர்க்கால நிலையையும், பின்னர் இவ்வட்டாரத்தின் நிலையையும் முறையே காண்போம்.

‘பதிலி’ என்னும் சொல்

தமிழ்நாட்டு நூற்பாலைகளில் வழங்கும் சொற்களுள் ‘பதிலி’ என்பது ஒன்று. மாற்றுதல் என்னும் பொருள்தரும் அரபுச் சொல் உருதுவின் வழியே தமிழில் ‘பதில்’ என வந்து வழங்குகின்றது. நிலையான தொழிலாளி வாராத நாளில் அவருக்கு மாற்றாக நிற்பவர் பதிலித் தொழிலாளி எனப்படுவர். அவர் செய்யும் வேலை நிலையான தொழிலாளி செய்யும் வேலையே. இயக்கும் பொறியும் அதுவே. எனினும் இரண்டு வேறுபாடுகள் உள. ஒன்று, அவர் நிற்கும் இடம் பிறருக்கு உரியது. மற்றொன்று, உரியவர் மீண்டதும் பதிலியின் வேலை தானே முடிந்துவிடும். திறமையின்மை காரணமாகவன்று, இடத்திற்கு உரிமையின்மை காரணமாகவே அவர் வெளியேறுகின்றார். போர்க்காலத் தொழிற்சாலைப் பெண்டிரின் நிலையை விளக்க இச்சொல்லினும் பொருத்தமானது காண்டல் அரிது.

மேலை நாடுகளில்

முதல் உலகப் போரில் (1914–1918) பிரிட்டனின் ஆடவர் போர்முனைக்குச் சென்றபோது, வெடிமருந்தும் குண்டும் செய்யும் ஆலைகளில் பெண்டிர் புகுந்தனர். டி.என்.டி. என்னும் வெடிமருந்தைக் கையாண்டோருடைய தோல் மஞ்சள் நிறம் பெற்றது. அதனால் மக்கள் அவர்களைக் ‘கேனரிப் பெண்கள்’ என்று அழைத்தனர். கேனரி என்பது மஞ்சட் சிறகுடைய ஒரு சிறு பறவை. பெயர் அழகியதாயினும் நிறம் நச்சின் அடையாளமே. ஈரல் கெட்டு இறந்தாரும் உளர். போர் முடிந்ததும் 1919 ஆம் ஆண்டில், போருக்கு முந்திய தொழில் வழக்கங்களை மீட்டமைப்பதற்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஆடவர்க்குரியனவாக இருந்த கைவினைப் பணிகள் மீண்டும் ஆடவர்க்கே சென்றன.

இரண்டாம் உலகப் போரில் இந்நிலை மேலும் தெளிவாக வெளிப்பட்டது. 1941 டிசம்பரில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் மணமாகாத இளம்பெண்டிரைக் கட்டாயப் பணிக்கு அழைக்கும் சட்டத்தை நிறைவேற்றிற்று. அடுத்த ஆண்டிலேயே, அதாவது போர் முடியும் முன்னரே, தொழில் வழக்கங்களை மீட்டமைக்கும் சட்டம் மறுபடியும் வந்தது. பெண்டிர் உள்ளே வரும்போதே அவர்கள் வெளியேறும் வாயிலும் அமைக்கப்பட்டது என்பது இதனால் விளங்கும்.

ஊதியத்திலும் இப்பதிலித்தன்மை காணப்பட்டது. கிளாஸ்கோ நகரை அடுத்த ஹில்லிங்டன் என்னுமிடத்தில் இருந்த ரோல்ஸ்ராய்ஸ் விமானப் பொறித் தொழிற்சாலையில் 1943 ஆம் ஆண்டின் இறுதியில் பெண்டிர் வேலைநிறுத்தம் செய்தனர். ஆடவர் இயக்கிய அதே பொறியைத் தாம் இயக்கினும் தமக்குக் குறைந்த ஊதியமே வழங்கப்படுகின்றது என்பது அவர்கள் முறையீடு. ஆடவரும் அவர்களோடு சேர்ந்து வெளிவந்தனர். ஒவ்வொரு பொறியையும் பெயர் சொல்லிப் பட்டியலிட்டு, அதில் செய்யும் வேலைக்கு உரிய ஊதியம் இன்னதென வகுத்த பின்னரே பூசல் தணிந்தது. வேலைக்கு விலை வகுக்கப்பட்டவிடத்து, செய்பவர் ஆணா பெண்ணா என்னும் கேள்வி வலுவிழக்கும் என்பது இந்நிகழ்ச்சியால் பெறப்படும் உண்மை.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தாய்மார் தொழிற்சாலைக்குச் செல்லும் பொருட்டு, அரசின் பொருளுதவியால் குழந்தைக் காப்பகங்கள் பல நகரங்களில் நிறுவப்பட்டன. 1946 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவ்வுதவி நிறுத்தப்பட்டது, பெரும்பாலானவை மூடப்பட்டன. காப்பகம் மூடப்பட்டபின் தாயை எவரும் வேலையினின்று நீக்க வேண்டுவதில்லை. அவள் தானே நீங்கிவிடுவாள்.

இந்தியாவில்

இந்தியாவின் நிலை இவற்றின் வேறானது. இந்நாட்டில் வேலை தேடும் ஆடவர் மிகுதி. ஆகவே போர்க்காலத்துத் தொழிற்சாலைகள் ஆடவரைக் கொண்டே பெரும்பாலும் நிரம்பின. பருத்தி ஆலைகளிலும் சணல் ஆலைகளிலும் பெண்டிரின் விகிதம் போருக்கு முன்னரே குறையத் தொடங்கியிருந்தது. ஆயினும் ஆடவர் கிடைக்காத இடங்களில் இங்கும் பெண்டிர் அழைக்கப்பட்டனர். அவற்றுள் நிலக்கரிச் சுரங்கம் முதன்மையானது.

பெண்டிரை நிலத்தடிச் சுரங்க வேலையினின்று படிப்படியாக விலக்கும் விதிகள் 1929 ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்று, 1937 ஆம் ஆண்டில் தடை முழுமை எய்தியது. போர்க்காலத்தில் விமானத் தளங்களும் சாலைகளும் அமைக்கும் படைத்துறைப் பணிகளில் கூலி உயர்ந்தமையால் சுரங்கத் தொழிலாளர் பலர் அவற்றை நாடிச் சென்றனர், நிலக்கரி குறைந்தது. உடனே 1943 ஆம் ஆண்டில் தடை நீக்கப்பட்டுப் பெண்டிர் மீண்டும் நிலத்தடிக்கு இறக்கப்பட்டனர். மாதர் சங்கங்கள் இதனைக் கண்டித்தன. அக்காலத்தில் அரசின் தொழிலாளர் துறைப் பொறுப்பில் இருந்த அம்பேத்கர் 1944 பிப்ரவரியில் மத்தியச் சட்டமன்றத்தில் விடையிறுத்தபோது, இது போர் நெருக்கடியால் மேற்கொண்ட தற்காலிக ஏற்பாடு என்பதையும், சுரங்கத்தில் இறங்கும் பெண்டிருக்கு ஆடவர்க்கு நிகரான ஊதியம் வகுக்கப்பட்டுள்ளது என்பதையும் எடுத்துக் கூறினார். 1946 பிப்ரவரி முதல் நாள் தடை மீண்டும் நடைமுறைக்கு வந்தது.

ஈண்டு இரு செய்திகள் கருதத்தக்கன. நிகர் ஊதியம் என்னும் கொள்கை இந்திய அரசால் ஏற்கப்பட்டது பெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. அதே வேளையில், தடை வந்தபோதும் நீங்கியபோதும் மீண்டும் வந்தபோதும் அவ்வேலையால் வயிறு வளர்த்த பெண்டிரின் கருத்தை எவரும் கேட்டிலர். நிலத்தடி வேலை கொடியது. எனினும் அது பறிபோனபோது மாற்று வேலை தரப்படவில்லை. பதிலியைப் பாதுகாத்தலும் பதிலியைப் பயன்படுத்தலும் பிறர் முடிவாகவே அமைந்தன.

எல்லைப்புறத்துப் பட்டு

இனி நம் வட்டாரத்தை நோக்குவோம். ஓசூர் அக்காலத்தில் சென்னை மாகாணத்துச் சேலம் மாவட்டத்தின் வடமேற்கு எல்லையில், மைசூர் அரசை ஒட்டிய ஒரு வட்டத் தலைநகரம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து வழங்கும் ஊர். போர் இவ்வூருக்குத் தொழிற்சாலை எதனையும் தரவில்லை. இருந்ததொன்றைக் குறைத்தது எனலாம். மொரப்பூரிலிருந்து தருமபுரி வழியாக ஓசூர் வரை ஓடிய குறுகிய இருப்புப்பாதை அப்போர்க்காலத்திலேயே மூடப்பட்டது. எல்லைக்கு அப்பால் பெங்களூரில் 1940 டிசம்பரில் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை தோன்றிற்று. பின்னர் அது நேசநாட்டு விமானங்களைப் பழுதுபார்க்கும் பெருநிலையமாக மாறிற்று.

எனினும் இவ்வெல்லைப்புறத்துப் பெண்டிரின் உழைப்பைப் போருடன் பிணைத்த பொருள் ஒன்று உண்டு. அது பட்டு. வானூர்தியினின்று குதிக்கும் வீரர்க்குரிய வான்குடைகள் அந்நாளில் பட்டினால் செய்யப்பட்டன. உலகச் சந்தையின் கச்சாப்பட்டில் பெரும்பகுதியை அளித்துவந்தது ஜப்பான். 1941 டிசம்பரில் ஜப்பான் போரில் இறங்கியதும் அவ்வாயில் அடைபட்டது. நேசநாடுகளின் பார்வை காசுமீரம், வங்காளம், மைசூர் ஆகிய பட்டு நிலங்களின்மேல் விழுந்தது. அக்காலத்தில் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த கொள்ளேகாலமும் பட்டுக்குப் பேர்பெற்றது; 1956 ஆம் ஆண்டில்தான் அது மைசூர் மாநிலத்துடன் சேர்ந்தது.

வீடுகளில் சர்க்காவால் சுற்றிய பட்டிழை பருத்தும் மெலிந்தும் சீரற்றிருக்கும், சேலைக்கு அது போதும், வான்குடைக்குப் போதாது. ஓர் இழை அறுமாயின் ஓர் உயிர் போகும். ஆகவே சீரான இழையை எடுக்கும் ஆலைகள் பெருகின. அவ்வாலைகளில் தொட்டியருகே அமர்ந்து இழை எடுத்தோருள் பெண்டிர் மிகப் பலர். கொதிநீரில் கூடுகளை வேகவைத்தல் வேண்டும். பின்னர் வெந்நீரில் கைவிட்டு, கண்ணுக்கு எளிதில் புலப்படாத இழைமுனையைத் தேடிப் பிடித்தல் வேண்டும். பல கூடுகளின் இழைகளை ஒன்றுசேர்த்து ஒரே நூலாகச் சுற்றுதல் வேண்டும். ஒரு கூட்டின் இழை தீர்ந்தவுடன் மற்றொன்றை இடைவிடாது சேர்க்காவிடின் நூல் மெலியும். நாள் முழுதும் வெந்நீரில் ஊறும் விரல்கள் வெந்து புண்படும். வெந்த புழுவின் நாற்றம் உடையிலும் கூந்தலிலும் தங்கும்.

போர் முடிந்தது. நைலான் என்னும் செயற்கையிழை வான்குடைக்கு வந்தது. படைத்துறைத் தேவை ஒழிய, பட்டுத்தொழில் தளர்ச்சியுற்றது. அத்தொழிலைக் காத்தற்பொருட்டு 1949 ஆம் ஆண்டில் மத்தியப் பட்டு வாரியம் அமைக்கப்பட்டது. தொழிலைக் காக்க வாரியம் தோன்றியது. இழையெடுத்த பெண்ணுக்கோ போர்ப்பணி செய்தாள் என்னும் பெயரும் எஞ்சவில்லை. பிரிட்டனில் வெடிகுண்டு செய்தவளின் படமேனும் சுவரொட்டியில் நின்றது.

ஓசூரின் தொழில் எழுச்சி

சேலம் மாவட்டத்தினின்று 1965 ஆம் ஆண்டில் தருமபுரி மாவட்டமும், அதனின்று 2004 ஆம் ஆண்டில் கிருட்டிணகிரி மாவட்டமும் பிரிந்தன. 1971 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தமிழ்நாட்டு அரசின் சிப்காட் நிறுவனம் ஓசூரில் தொழிற்பேட்டை அமைத்தது. பெங்களூருக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவே உள்ளமையும், பின்தங்கிய பகுதிக்குரிய சலுகைகளும் தொழில் முனைவோரை ஈர்த்தன. 1980 ஆம் ஆண்டையொட்டி அசோக் லேலண்டு, டி.வி.எஸ். முதலிய ஊர்தித் தொழிற்சாலைகள் இங்கு உற்பத்தியைத் தொடங்கின. இவை பெரும்பாலும் ஆடவர் தொழிற்சாலைகளாகவே இருந்தன.

டாட்டா குழுமமும் தமிழ்நாட்டு அரசின் டிட்கோ நிறுவனமும் 1984 ஆம் ஆண்டில் கூட்டாக நிறுவிய டைட்டன் கடிகாரத் தொழிற்சாலை, சுற்றுப்புற மாவட்டங்களின் இளைஞரையும் இளம்பெண்டிரையும் தேர்ந்து பயிற்றியது. மைராடா என்னும் தொண்டு நிறுவனத்தின் துணையுடன் 1990களில் ஓசூர்ப் பகுதிச் சிற்றூர்ப் பெண்டிர் ‘மெடோ’ என்னும் நிறுவனத்தை அமைத்து, கடிகாரப் பட்டைகளை இணைக்கும் பணியை ஏற்றனர். அதில் உழைத்த பெண்டிரே பங்குதாரராகவும் ஆயினர் என்பது சிறப்பாகக் குறிக்கத்தக்கது. பதிலி நிலைக்கு முற்றிலும் மறுதலையான நிலை அது.

கடந்த சில ஆண்டுகளில் இவ்வெழுச்சி பெருவெள்ளமாயிற்று. போச்சம்பள்ளியில் அமைந்த ஓலா மின்னூர்தித் தொழிற்சாலையை முற்றும் பெண்டிரைக் கொண்டே நடத்துவதாக அந்நிறுவனம் 2021 செப்டம்பரில் அறிவித்தது. ஓசூரை அடுத்துக் கைப்பேசி உறுப்புகளைச் செய்யும் டாட்டா எலக்ட்ரானிக்சு தொழிற்சாலையில் தொழிலாளருள் பெரும்பாலார் பெண்டிர். சார்க்கண்டு போன்ற தொலைமாநிலங்களினின்றும் இளம்பெண்டிர் வந்து பணிபுரிகின்றனர். 2019–20 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைக் கணக்கெடுப்பின்படி, இந்தியத் தொழிற்சாலைகளில் பணிபுரிந்த பெண்டிருள் ஏறத்தாழ 43 விழுக்காட்டினர் தமிழ்நாட்டில் இருந்தனர்.

இவ்வட்டாரத்தின் அண்மை வரலாற்றை அறிந்தார்க்கு இம்மாற்றத்தின் அருமை விளங்கும். பெண் மகவைச் சுமையென எண்ணிப் பிறந்தவுடன் மாய்க்கும் கொடுமையைத் தடுக்க, 1992 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு சேலம் மாவட்டத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கிற்று. 2001 ஆம் ஆண்டில் அது தருமபுரிக்கும் விரிந்தது. வேண்டாவென ஒதுக்கப்பட்ட மகளே ஒரு தலைமுறைக்குள் குடும்பத்திற்கு மாத ஊதியம் கொணர்பவள் ஆயினள். இவ்வுழைப்பு நிலைபெறுமாயின் அவள் மதிப்பும் நிலைபெறும். உழைப்பு பதிலியாயின் மதிப்பும் பதிலியாகவே முடியும். இவ்வாராய்ச்சியின் இன்றியமையாமை இதுவே.

விரல் நுண்மை என்னும் வாதம்

நுண்ணிய உறுப்புகளைப் பொருத்தும் பணிக்குப் பெண்டிரை ஏன் நாடுகின்றனர் என வினவினால், அவர் விரல் மென்மையும் பொறுமையுமே காரணமெனத் தொழில் நடத்துவோர் விடை கூறுவர். இவ்விடை புதியதன்று. போர்க்கால பிரிட்டனில், பொறிவேலை பின்னல் வேலையை ஒத்தது என்று சொல்லியே மகளிரை அழைத்தனர். பட்டுத் தொட்டியின் முன்னும் இதுவே கூறப்பட்டது.

இவ்வாதம் புகழ்ச்சி போலத் தோன்றினும் உள்ளே ஒரு குறை உடையது. பயின்று பெற்ற திறனுக்கு ஊதியம் உயரும். பிறவியில் அமைந்த இயல்புக்கு ஊதியம் உயராது. பல மாதப் பயிற்சியால் கைவந்த தொழில்நுட்பத்தை ‘இயற்கை’ என்று கூறுங்கால், அதற்குரிய விலை மறைந்துபோகின்றது. ஹில்லிங்டன் பெண்டிர் பொறிகளைப் பட்டியலிடச் செய்ததன் நுட்பம் இங்கே புலனாகும். விரலைப் புகழ்தல் வேறு. வேலையை மதித்தல் வேறு.

சட்டமும் நடைமுறையும்

சட்டத்துறையில் தமிழ்நாட்டிற்குச் சிறப்பான இடம் உண்டு. ஆலைப் பெண்டிர்க்கான பேறுகாலச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1930களிலேயே இயற்றப்பட்டது. நாடு முழுமைக்குமான சட்டம் 1961 ஆம் ஆண்டிலும், நிகர் ஊதியச் சட்டம் 1976 ஆம் ஆண்டிலும் வந்தன. 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் பெண்டிரை இரவுப்பணியினின்று விலக்கியது. இவ்விலக்கு பெண்டிரின் சமவுரிமைக்கு முரணானது எனச் சென்னை உயர்நீதிமன்றம் 2000 டிசம்பரில் தீர்ப்பளித்து, போக்குவரவு, ஓய்விடம், பாதுகாப்பு முதலியவற்றைக் கட்டாயமாக்கியது. 2020 ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய தொழிலாளர் சட்டத்தொகுப்பும், பெண்ணின் இசைவு பெற்று இரவுப்பணி அளிக்க இடந்தந்தது. சுரங்கப் பெண்டிரைப் பொறுத்தவரை கேளாது விடப்பட்ட இசைவு இன்று சட்டத்தின் சொல்லாக ஏறியுள்ளது. அது தாளில் இடும் கையொப்பமாக மட்டும் சுருங்காதிருத்தல் வேண்டும்.

இவற்றினும் நம் பொருளுக்கு நெருங்கியது 1981 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் இயற்றிய பணிநிலைப்புச் சட்டம். 24 மாதங்களில் 480 நாட்கள் பணிபுரிந்த தொழிலாளி நிலையான தொழிலாளி ஆவார் என்பது அதன் கருத்து. பதிலியை உரிமையாளர் ஆக்கும் வாயில் இது. ஆயின் பயிற்சியாளர், ஒப்பந்தத் தொழிலாளர் என்னும் பெயர்களால் இவ்வாயிலைச் சுற்றிச் செல்லும் வழிகளும் உள. மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்னும் பெயரால் இளம்பெண்டிரை ஏறத்தாழ மூன்றாண்டுகளுக்கு அமர்த்தி, திருமணச் செலவிற்கென ஒரு தொகை தருவதாகக் கூறி நடத்திய முறை யாவரும் அறிந்தது. போர் முடியும் வரை என்பது மேலைநாட்டுப் பெண்டிர்க்கு இட்ட எல்லை. மணம் முடியும் வரை என்பது நம் பெண்டிர்க்கு இட்ட எல்லை. சொல் வேறாயினும் பொருள் ஒன்றே.

உறைவிடமும் கருதத்தக்கது. தொலைவினின்று வரும் பெண்டிர் விடுதியில் தங்குகின்றனர். வேலையும் படுக்கையும் உணவும் ஒரே கையினின்று வருகின்றன. திருப்பெரும்புதூர் வட்டாரத்துக் கைப்பேசித் தொழிற்சாலைப் பெண்டிர் 2021 டிசம்பரில் விடுதியுணவால் பலர் நோயுற்றமை கண்டு சாலையில் அமர்ந்து போராடியபோதுதான் அவர்கள் வாழ்நிலை நாட்டிற்குத் தெரிந்தது. 2024 ஆகஸ்டில் அவ்வட்டாரத்து வல்லம் வடகாலில் 18,720 பெண்டிர் தங்கத்தக்க குடியிருப்பை அரசு திறந்தது. ஓசூர்ப் பகுதிக்கும் இஃது ஒரு பாடமாகும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படும் முடிபு இது. பெண்டிர் எத்துணைப் பேர் தொழிற்சாலைக்குள் புகுந்தனர் என்னும் எண்ணிக்கை அவர்தம் நிலையை அளக்கும் கோலாகாது. போர்க்காலத்தில் அவ்வெண்ணிக்கை மிகப் பெரிதாக இருந்தது. எனினும் சில திங்களிலேயே கரைந்தது. அவரை அழைத்த தேவை நீங்கியபின் எஞ்சி நிற்பது யாது என்பதே உண்மையான அளவுகோல்.

அவ்வளவுகோலை நான்கு வினாக்களாக வகுக்கலாம். பணிக்கு முன்கூட்டியே இட்ட முடிவுநாள் உண்டா? ஊதியம் வேலைக்கு வகுக்கப்பட்டதா, பாலுக்கு வகுக்கப்பட்டதா? விடுதியும் இரவுப்பயணமும் பற்றி அவள் முறையிட்டால் வேலை பறிபோகாது என்னும் உறுதி உண்டா? மணமும் மகப்பேறும் கடந்து, காப்பகத்தில் குழந்தையை விட்டு, அவள் தன் பழைய இடத்திற்கே மீள இயலுமா? இவற்றிற்குத் தரும் விடையைப் பொறுத்தே ஓசூர், கிருட்டிணகிரித் தொழிற்சாலைப் பெண்டிர் பதிலியரா, உரிமையரா என்பது துணியப்படும்.

மின்னூர்திக்கும் கைப்பேசிக்கும் உலகச் சந்தையில் உள்ள தேவை என்றும் ஒரே தன்மையில் இராது. பட்டு வான்குடைக்கு இருந்த தேவை எவ்வாறு ஒழிந்ததோ அவ்வாறே இதுவும் மாறுதல் கூடும். அந்நாள் வரும்போது வெறுங்கையுடன் ஊர் திரும்பும் நிலை இப்பெண்டிர்க்கு நேராதிருக்க, நிலையான பணியும் திறனுக்குரிய சான்றும் சேமநிதியும் அவர்கள் பெயரில் இன்றே ஏட்டில் ஏறுதல் வேண்டும். இழையெடுத்த பெண்டிர்க்கு வாய்க்காத அப்பதிவு, கைப்பேசி செய்யும் பெண்டிர்க்கேனும் வாய்த்தல் முறை.